ரிமோட் டெஸ்க்டாப், மெய்நிகர் செயலிச் சூழல்களில் ஒற்றை உள்நுழைவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினிகளையும் பயனர் கணக்குகளையும் ஒரே மையத்திலிருந்து ஆளும் விண்டோஸ் டொமைனில் இயங்கும் அலுவலகங்களில், செயலியைத் தொலைவிலுள்ள சர்வரில் ஓட்டித் திரையை மட்டும் பயனருக்கு அனுப்பும் ரிமோட் டெஸ்க்டாப் சர்வர்கள், சிட்ரிக்ஸ், ஹொரைசன், அசூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப் ஆகியவற்றின் மீது ஒற்றை உள்நுழைவை நிறுவுகிற நிர்வாகிகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. பெயர்களைப் பற்றி முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டெர்மினல் சர்வீசஸ் 2009-இல் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் ஆனது. சிட்ரிக்ஸின் சென்ஆப் 2018-இல் விர்ச்சுவல் ஆப்ஸ் ஆனது. மைக்ரோசாஃப்டின் மேகக் கணக்கு அடைவான அசூர் ஆக்டிவ் டைரக்டரி 2023-இல் என்ட்ரா ஐடி ஆனது. விஎம்வேரிடம் இருந்த ஹொரைசன் இப்போது ஆம்னிசா என்ற தனி நிறுவனத்தின் பெயரில் வருகிறது. பழைய கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு புதிய திரையில் தேடுபவர் பாதி நேரத்தை இந்தப் பெயர்களிலேயே இழக்கிறார்.

கடவுச்சொல்லை ஒரு முறை மட்டும் கேட்பதுதானே ஒற்றை உள்நுழைவு? இதில் விளக்க என்ன இருக்கிறது?

பயனருக்கு அவ்வளவுதான். நிர்வாகிக்கு அது வரிசையாக நிற்கும் ஐந்து வாயில்கள். கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர் காலையில் சம்பளப் பட்டியல் செயலியைத் திறப்பதை அருகில் நின்று பாருங்கள். முதலில் தம் கணினியில் நுழைகிறார். பிறகு செயலிகளைப் பட்டியலிடும் வலைவாசலில் நுழைகிறார். வெளியிலிருந்து வருபவராக இருந்தால் இடையில் கேட்வே ஒன்று அவரை நிறுத்துகிறது. அதைத் தாண்டியதும், செயலி உண்மையில் ஓடுகிற சர்வரின் விண்டோஸ் அவரை யார் என்று கேட்கிறது. கடைசியில் சம்பளப் பட்டியல் செயலியும் தன் சொந்தப் பயனர் அட்டவணையை வைத்துக்கொண்டு மீண்டும் கேட்கிறது.

ஒவ்வொரு வாயிலும் கேட்கும் ஆதாரம் வேறு என்பதுதான் சிக்கல். ஒன்று, டொமைன் வழங்கும் அடையாளச் சீட்டான கெர்பரோஸ் டிக்கெட்டைக் கேட்கும். மற்றொன்று, வேறொரு அடையாளச் சேவை கையொப்பமிட்டுத் தரும் சாம்ல் உறுதிமொழியை ஏற்கும். இன்னொன்று கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாகத் தட்டினால் மட்டுமே திறக்கும். எனவே எந்த மென்பொருளையும் வாங்குவதற்கு முன், உங்கள் பயனர் கடக்கும் வாயில்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் எதை ஏற்கிறது, அதற்கு முந்தைய வாயில் எதைக் கையில் கொடுத்து அனுப்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கீழே வரும் கேள்விகளில் பெரும்பாலானவை, ஒரு வாயில் கொடுத்தனுப்பியதை அடுத்த வாயில் ஏற்காத இடத்தில் பிறந்தவையே.

எங்களிடம் டொமைன் இருக்கிறது, கெர்பரோஸ் இருக்கிறது. தனியாக ஒரு மென்பொருள் எதற்கு?

உங்கள் செயலிகள் அனைத்தும் டொமைன் அடையாளத்தை நேரடியாக ஏற்பவை என்றால் தேவையே இல்லை, செலவு செய்யாதீர்கள். சொந்தப் பயனர் அட்டவணை வைத்திருக்கும் பழைய செயலிகள், மெயின்ஃபிரேம் திரைகள், ஜாவாவில் எழுதப்பட்ட உள்ளகச் செயலிகள் ஆகியவை இருக்கும் இடத்தில்தான் ஏஜென்ட் வகை மென்பொருளுக்கு வேலை உண்டு. அது திரையில் உள்நுழைவு ஜன்னல் தோன்றுவதைக் கவனித்து, சேமித்து வைத்த பெயரையும் கடவுச்சொல்லையும் பயனருக்குப் பதிலாக நிரப்புகிறது. இனிமேல் 'ஏஜென்ட்' என்று இங்கே சொல்வது இந்த வகையைத்தான்.

ஏஜென்ட்டைப் பயனரின் கணினியில் நிறுவுவதா, சர்வரில் நிறுவுவதா?

செயலி எங்கே ஓடுகிறதோ அங்கே. பயனரின் திரையில் தெரியும் ரிமோட் ஜன்னல், அவருடைய கணினியைப் பொறுத்தவரை ஒரு படம் மட்டுமே. சர்வரில் வரையப்பட்ட திரை படமாக வருகிறது. விசைப்பலகை, மவுஸ் அசைவுகள் திரும்பிச் செல்கின்றன. 'பயனர் பெயர்' என்ற பெட்டி அந்தப் படத்தில் நம் கண்ணுக்குத் தெரியலாம். ஆனால் உள்ளூர் ஏஜென்ட் கைவைக்கக்கூடிய பெட்டி எதுவும் உள்ளூரில் இல்லை. தனிச் செயலியாக வெளியிடும்போது அதன் ஜன்னல் உள்ளூர் ஜன்னலைப் போலவே தனித்து நிற்கும், தலைப்பும் பணிப்பட்டையில் தெரியும். அதைப் பார்த்து ஏமாந்து, ஏஜென்ட் ஏன் அதை அடையாளம் காணவில்லை என்று தலைப்பை மாற்றி மாற்றிச் சோதித்தவர்கள் பலர்.

பயனரின் கணினியிலும் சில செயலிகள் ஓடுகின்றன என்றால் இரண்டு இடத்திலும் நிறுவ வேண்டும். அப்போது இரண்டு ஏஜென்ட்களும் ஒரே மையக் களஞ்சியத்தோடு ஒத்திசைய வேண்டும். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் சர்வரில் மாற்றிய கடவுச்சொல்லை மறுநாள் மடிக்கணினி அறியாது.

பல பயனர்கள் பகிரும் சர்வரில் நிறுவும்போது தனியாக ஏதும் செய்ய வேண்டுமா?

நிறுவல் நிலைக்கு மாறிய பின் நிறுவுங்கள். கட்டளைத் திரையில் 'சேஞ்ச் யூசர் /இன்ஸ்டால்' கொடுத்து, நிறுவி முடித்ததும் 'சேஞ்ச் யூசர் /எக்சிக்யூட்' கொடுப்பது பழைய முறை. விண்டோஸ் இன்ஸ்டாலர் தொகுப்புகளைப் புதிய சர்வர்கள் தாமே பார்த்துக்கொண்டாலும், செட்டப் கோப்பாக வரும் ஏஜென்ட்களுக்கு இது இன்னும் பயன்படுகிறது. எல்லாம் நிறுவி முடித்த மாதிரிப் பிரதியான மூல இமேஜிலிருந்து பல சர்வர்களை வார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஏஜென்ட்டை நிறுவியதும் அதை ஒரு முறைகூடப் பயனராகத் திறக்காமல் இமேஜை மூடுங்கள். திறந்துவிட்டால், முதல் பதிவின்போது உருவாகும் அடையாளம் இமேஜோடு உறைந்து, அதிலிருந்து பிறக்கும் எல்லாச் சர்வர்களும் தம்மை ஒரே கணினி என்று சொல்லிக்கொள்ளக்கூடும்.

முழு டெஸ்க்டாப்பில் ஏஜென்ட் சரியாக எழுகிறது. அதே செயலியைத் தனியாக வெளியிட்டால் எழுவதில்லை. ஏன்?

இது மிக அதிகமாக வரும் கேள்வி. பெரும்பாலான ஏஜென்ட்கள் ரெஜிஸ்ட்ரியின் 'ரன்' பட்டியலிலோ ஸ்டார்ட்அப் கோப்புறையிலோ தம் பெயரை எழுதி வைத்துக்கொண்டு காத்திருக்கின்றன. அவற்றைப் படித்து எழுப்புவது, டெஸ்க்டாப்பையும் பணிப்பட்டையையும் காட்டும் எக்ஸ்புளோரர் ஷெல்லின் வேலை. முழு டெஸ்க்டாப்பில் எக்ஸ்புளோரர் ஓடுகிறது, ஏஜென்ட் எழுகிறது. சிட்ரிக்ஸில் ஒரு செயலியை மட்டும் வெளியிடும்போது அந்த அமர்வில் எக்ஸ்புளோரர் ஷெல் இல்லை. பட்டியலைப் படிக்க ஆளில்லை. விண்டோஸின் சொந்த ரிமோட்ஆப்பில் மாற்று வழியாக 'ரன்' பட்டியல் ஓடக்கூடும். ஆனாலும் செயலியின் உள்நுழைவு ஜன்னல் முந்திக்கொண்டு, ஏஜென்ட் கண்விழிப்பதற்குள் பயனர் கடவுச்சொல்லைத் தட்ட ஆரம்பித்திருப்பார்.

வழிகள் இரண்டு. ஒன்று, வெளியிடும் செயலியின் கட்டளை வரியிலேயே ஏஜென்ட்டின் துவக்கியை முன்னால் வைத்து, அது ஏஜென்ட்டை எழுப்பிவிட்டுப் பின் செயலியை அழைக்குமாறு செய்வது. மற்றொன்று, ரெஜிஸ்ட்ரியின் வின்லாகன் பகுதியில் உள்ள 'ஆப்செட்டப்' மதிப்பில் ஏஜென்ட்டைச் சேர்ப்பது. அங்கே ஏற்கெனவே இருப்பவற்றை அழிக்காமல், காற்புள்ளியிட்டுக் கடைசியில் சேர்க்க வேண்டும். நான் முதல் வழியையே பரிந்துரைப்பேன். இருபது செயலிகளுக்கு இருபது முறை கட்டளை வரியைத் திருத்துவது அலுப்பான வேலைதான், ஆனால் எந்தச் செயலியில் பிழை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

டொமைனிலிருந்து கணினிகளுக்கு அமைப்புகளை அனுப்பும் குழுக் கொள்கையின் லாகின் ஸ்கிரிப்டில் வைத்தோம், ஏஜென்ட் ஐந்து நிமிடம் கழித்து எழுகிறது என்று சிலர் எழுதுகிறார்கள். அது பிழை அன்று. விண்டோஸ் 8.1, சர்வர் 2012 ஆர்2 காலம் முதல், லாகின் ஸ்கிரிப்டுகளை ஐந்து நிமிடம் தாமதித்து ஓட்டுவதே இயல்பான அமைப்பு. 'லாகின் ஸ்கிரிப்ட் தாமதம்' என்ற கொள்கையைத் திறந்து அதைப் பூஜ்யமாக்குங்கள்.

பயனர் செயலியை மூடிவிட்டார்; ஆனால் அமர்வு முடியாமல் சர்வரில் தொங்குகிறது. உரிமங்களும் வீணாகின்றன.

கடைசிச் செயலி மூடப்பட்டதும் அமர்வை முடிப்பது மெய்நிகர் செயலிகளின் வழக்கம். ஏஜென்ட்டும் ஒரு செயல்முறைதான்; அது பின்னணியில் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்ட சர்வர், பயனர் இன்னும் வேலை செய்கிறார் என்று கருதிக்கொள்கிறது. சிட்ரிக்ஸில் இதற்கென்றே 'லாக்ஆஃப்செக்சிஸ்மாட்யூல்ஸ்' என்ற ரெஜிஸ்ட்ரி மதிப்பு உண்டு. கணக்கில் கொள்ளாமல் விடவேண்டிய செயல்முறைகளின் பெயர்களைக் காற்புள்ளியிட்டு அதில் எழுத வேண்டும். ஏஜென்ட்டின் முதன்மைக் கோப்பை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். பிரவுசர் துணை, ஜாவா துணை என்று அது பெற்றுப்போட்ட குட்டிகள் எல்லாம் தனிப் பெயரில் ஓடும். செயலியை மூடிய பின் டாஸ்க் மேனேஜரில் எஞ்சி நிற்கும் பெயர்களைப் பார்த்து எழுதுவதே உறுதியான முறை.

சர்வரின் பெயரைக் கொடுத்து இணைந்தால் நேரே நுழைகிறது. ஐபி முகவரியைக் கொடுத்தால் கடவுச்சொல் கேட்கிறது. இரண்டும் ஒரே சர்வர்தானே?

உங்களுக்கு ஒன்று, கெர்பரோஸுக்கு ஒன்றல்ல. விண்டோஸில் நுழைந்தபோது தந்த அடையாளத்தை அப்படியே சர்வருக்குக் கொடுத்தனுப்ப, 'இயல்பு அடையாளங்களை ஒப்படைக்க அனுமதி' என்ற கொள்கையில் 'டெர்ம்எஸ்ஆர்வி' என்ற முன்னொட்டோடு சர்வரின் பெயரை எழுதியிருப்பீர்கள். அந்தக் கொள்கை ஒரு நிபந்தனையோடு வருகிறது: எதிரே நிற்பது உண்மையான சர்வர்தான் என்பது கெர்பரோஸ் மூலமாகவோ நம்பகமான சான்றிதழ் மூலமாகவோ உறுதியாக வேண்டும். கடவுச்சொல்லையே ஒப்படைக்கும் ஏற்பாடு என்பதால் இந்த எச்சரிக்கை நியாயமானதே. ஐபி முகவரிக்கு இயல்பில் கெர்பரோஸ் டிக்கெட் கிடைப்பதில்லை. சர்வர் தனக்குத்தானே கையொப்பமிட்ட சான்றிதழை வைத்திருந்தால் அதுவும் செல்லாது. இரண்டு வழியும் அடைபட்டதால், கணினி பயனரிடமே திரும்பிக் கடவுச்சொல் கேட்கிறது.

கெர்பரோஸுக்கு முந்தைய பழைய சரிபார்ப்பு முறையான என்டிஎல்எம் மட்டுமே உள்ள சர்வர்களுக்கும் ஒப்படைக்கலாம் என்று வேறொரு கொள்கை பக்கத்திலேயே இருக்கிறது. அதை இயக்கினால் பிரச்சினை தீர்ந்ததுபோலத் தோன்றும்; எதிரே நிற்பது யார் என்று பார்க்காமல் சாவியைக் கொடுத்ததாகவும் ஆகும். பெயரைச் சரிசெய்யுங்கள், மாற்றுப்பெயர்களுக்கு உரிய சேவைப் பெயர்களைப் பதியுங்கள், உள்ளகச் சான்றிதழ் ஆணையத்திடமிருந்து சான்றிதழ் வாங்கிப் போடுங்கள்.

கேட்வே ஒரு முறை, சர்வர் ஒரு முறை என்று இரண்டு முறை கேட்பது வேறு விஷயம். இணைப்பின் அமைப்புகளைக் கொண்ட ஆர்டிபி கோப்பில் 'பிராம்ப்ட்கிரெடென்ஷியல்ஒன்ஸ்' என்ற பண்பை 1 ஆக்கினால், கேட்வேயிடம் கொடுத்ததையே சர்வருக்கும் பயன்படுத்திக்கொள்ளும்.

விண்டோஸ் 11-க்கு மாறியதும் அனைத்தும் நின்றுவிட்டன. கொள்கைகளில் எதையும் தொடவில்லை.

நீங்கள் தொடவில்லை, விண்டோஸ் தொட்டது. 22எச்2 பதிப்பு முதல், தகுதியுள்ள என்டர்பிரைஸ், எஜுகேஷன் கணினிகளில் கிரெடென்ஷியல் கார்டு இயல்பாகவே இயங்குகிறது. கணினியில் நுழைந்தவரின் ரகசியங்களைத் தனிமைப்படுத்திய பகுதியில் பூட்டி வைப்பது அதன் வேலை. மேலே சொன்ன ஒப்படைப்புக்கு வேண்டியது அதே ரகசியம் என்பதால், அதை எடுத்துக் கொடுக்க முடிவதில்லை. கார்டை அணைத்துவிடுவது ஒரு விடை. அது சரியான விடை என்று நான் நினைக்கவில்லை. நினைவகத்திலிருந்து கடவுச்சொற்களைச் சுரண்டும் மிமிகேட்ஸ் போன்ற கருவிகளுக்கு எதிராகத்தான் அது வைக்கப்பட்டிருக்கிறது.

நேரடியாகச் சர்வரோடு இணைபவர்களுக்கு ரிமோட் கிரெடென்ஷியல் கார்டு இருக்கிறது. அதில் ரகசியம் சர்வருக்குப் போவதில்லை. டிக்கெட் தேவைப்படும்போதெல்லாம் சர்வர் பயனரின் கணினியிடமே கேட்டு வாங்கிக்கொள்கிறது. ஆனால் கேட்வே வழியாகவோ, பயனரை ஒரு சர்வருக்குப் பிரித்தனுப்பும் கனெக்ஷன் புரோக்கர் வழியாகவோ வரும் இணைப்புகளுக்கு அது ஆதரவு தருவதில்லை. பல சர்வர்கள் சேர்ந்த பெரிய பண்ணைகளில் கிட்டத்தட்ட எல்லோரும் அந்த வழியாகத்தான் வருகிறார்கள் என்பதால், அங்கே சான்றிதழ் வழியிலான நுழைவுக்கு மாறுவதைத் தள்ளிப்போட முடியாது. அது அடுத்த ஒரு கேள்விக்குப் பின் வருகிறது.

விண்டோஸில் தந்த கடவுச்சொல்லையே கடத்தும் பாஸ்த்ரூவைச் சிட்ரிக்ஸில் போட்டிருக்கிறோம். சிலருக்கு மட்டும் வேலை செய்யவில்லை.

அந்தச் சிலர் கணினியில் எப்படி நுழைகிறார்கள் என்று கேளுங்கள். பயனரின் கணினியில் சிட்ரிக்ஸின் வொர்க்ஸ்பேஸ் செயலியோடு நிறுவப்படும் 'எஸ்எஸ்ஓஎன்எஸ்விஆர்' என்ற சிறு செயல்முறை, பயனர் விண்டோஸில் கடவுச்சொல்லைத் தட்டும் அந்தக் கணத்தில் அதைப் பெற்றுவைத்துக்கொள்கிறது. 'பின்' எனப்படும் ரகசிய எண்ணாலோ விரல்ரேகையாலோ நுழைந்தவர் கடவுச்சொல்லைத் தட்டவே இல்லை. பெற்றுவைக்க எதுவும் இல்லை. நிறுவியபின் ஒரு முறை வெளியேறி மீண்டும் நுழையாதவர்களுக்கும் இதே நிலை.

இவை இரண்டும் இல்லையென்றால் டாஸ்க் மேனேஜரில் அந்தச் செயல்முறை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால், பாஸ்த்ரூ தேர்வு இல்லாமலேயே வொர்க்ஸ்பேஸ் செயலி நிறுவப்பட்டிருக்கிறது. இருந்தும் கேட்கிறது என்றால், வலைவாசலின் முகவரி உள்ளக வலைத்தள மண்டலத்தில் உள்ளதா, எக்ஸ்எம்எல் கோரிக்கைகளை நம்பும்படி கட்டுப்பாட்டுச் சர்வரில் அமைத்தீர்களா என்ற இரண்டையும் சரிபாருங்கள்.

வலைவாசலில் சாம்ல் வைத்துவிட்டோம். கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் பன்முகச் சரிபார்ப்பும் நன்றாக நடக்கிறது. செயலியைச் சொடுக்கியதும் சர்வர் மறுபடியும் கடவுச்சொல் கேட்கிறதே?

முதல் கேள்வியில் சொன்ன வாயில் கணக்கு இங்கேதான் முழுமையாக வெளிப்படுகிறது. சாம்ல் என்பது, நம்பகமான ஒருவர் 'இவர் இன்னார், நான் விசாரித்துவிட்டேன்' என்று கையொப்பமிட்டுத் தரும் கடிதம். வலைவாசலுக்கு அந்தக் கடிதம் போதும். அதற்குப் பின்னால் நிற்கும் விண்டோஸ் சர்வருக்குக் கடிதம் படிக்கத் தெரியாது. கடவுச்சொல், ஸ்மார்ட் கார்டுச் சான்றிதழ், கெர்பரோஸ் டிக்கெட் ஆகியவற்றில் ஒன்று அதற்கு வேண்டும். சாம்ல் வழியில் கடவுச்சொல் பயனருக்கும் அடையாள வழங்குநருக்கும் இடையிலேயே முடிந்துவிடுகிறது. வலைவாசல் அதைப் பார்த்ததே இல்லை. பார்க்காததை எப்படிக் கொடுத்தனுப்பும்?

இந்த இடைவெளியை நிரப்பவே சிட்ரிக்ஸ் ஃபெடரேட்டட் ஆதென்டிகேஷன் சர்வீசும், ஹொரைசனின் ட்ரூ எஸ்எஸ்ஓவும் 2016-இல் வந்தன. இரண்டின் உள்ளியக்கமும் ஏறக்குறைய ஒன்றே. சாம்ல் கடிதத்தைச் சரிபார்த்த பின், அந்தப் பயனரின் பெயரில் குறுகிய கால ஆயுள் கொண்ட சான்றிதழ் ஒன்றை நிறுவனத்தின் சான்றிதழ் ஆணையத்திடம் கேட்டு வாங்கி, கையில் பிடிக்க முடியாத ஒரு ஸ்மார்ட் கார்டைச் சொருகியதுபோலச் சர்வரிடம் காட்டுகின்றன. விண்டோஸ் அதை ஏற்று, கெர்பரோஸ் டிக்கெட்டும் வாங்கிக்கொள்கிறது.

இதை நிறுவும்போது முதலில் தட்டும் இடம், டொமைனில் அடையாளங்களைச் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலர். ஸ்மார்ட் கார்டு நுழைவை ஏற்க, டொமைன் கன்ட்ரோலரிடமே உரிய சான்றிதழ் இருக்க வேண்டும். பத்து கன்ட்ரோலர்களில் ஒன்றில் மட்டும் அது காலாவதியாகியிருந்தால், அந்தக் கன்ட்ரோலரிடம் போய்ச் சேர்ந்த பயனருக்கு மட்டும் 'இந்தக் கோரிக்கைக்கு ஆதரவில்லை' என்ற பொருளில் ஒரு பிழைச்செய்தி வரும்; அடுத்த முறை வேறு கன்ட்ரோலர் அமைந்தால் நுழைந்துவிடுவார். 'எப்போதாவது வருகிறது' என்று உதவி மையத்துக்கு வரும் புகார்களில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

இரண்டாவதாகத் தட்டும் இடம், ஏஜென்ட். சான்றிதழால் நுழைந்த அமர்வில் கடவுச்சொல் என்ற ஒன்றே கிடையாது. பயனரின் விண்டோஸ் கடவுச்சொல்லை வைத்துத் தன் பெட்டகத்தைத் திறக்கும் ஏஜென்ட், அல்லது அதையே எடுத்து, டொமைன் அடைவைக் கேட்டுச் சரிபார்க்கும் எல்டாப் உள்நுழைவுத் திரையில் நிரப்பும் ஏஜென்ட், இங்கே வெறுங்கையோடு நிற்கும். சாம்லுக்கு மாறும் திட்டத்தையும் ஏஜென்ட்டைப் பரப்பும் திட்டத்தையும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக நடத்தும் நிறுவனங்களில் இந்த மோதல் கடைசி வாரத்தில்தான் வெளிவருகிறது. பெட்டகத்தைத் திறக்க வேறு என்ன வழி உண்டு என்பதை ஏஜென்ட்டை விற்பவரிடம் ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அசூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் இந்தச் சான்றிதழ் ஏற்பாடு வேண்டாம். என்ட்ரா ஐடி தரும் டோக்கனைக் கொண்டே சர்வரில் நுழையும்படி, அமர்வுகளைத் தாங்கும் கணினிகளான ஹோஸ்ட்களின் தொகுதியில் ஆர்டிபி பண்புகளில் ஒன்றை இயக்கினால் போதும். உள்ளக டொமைனிலும் இணைந்திருக்கும் ஹோஸ்ட்கள் என்றால், டொமைனில் கெர்பரோஸ் சர்வர் பொருள் ஒன்றையும் உருவாக்க வேண்டும். அதன்பின் பயனர்கள் கேட்கப்போகும் இரண்டு கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை தயார் செய்துகொள்ளுங்கள்: முதல் முறை ஒரு ஹோஸ்டில் நுழையும்போது இணைப்பை அனுமதிக்கவா என்று கேட்கும், திரையைப் பூட்டினால் பூட்டுத்திரை வருவதற்குப் பதிலாக இணைப்பே துண்டிக்கப்படும். இரண்டாவது, வடிவமைப்பிலேயே அப்படித்தான். பழுதென்று புகார் பதிய வேண்டாம்.

பயனர்கள் சேமித்த கடவுச்சொற்கள் மறுநாள் காலையில் காணாமல் போகின்றன.

ஒவ்வொரு நாளும் புதிதாகப் பிறந்து மாலையில் அழியும் மெய்நிகர் கணினிகளில், பயனரின் புரொஃபைலில் வைக்கப்பட்டவை மட்டுமே பிழைக்கும்; அதிலும் எல்லாம் அல்ல. ரோமிங் புரொஃபைலில் 'ஆப்டேட்டா' கோப்புறையின் 'ரோமிங்' பகுதி பயணிக்கும், 'லோக்கல்' பகுதி தங்கிவிடும். ஏஜென்ட் தன் பெட்டகத்தை லோக்கலில் வைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்தது. புரொஃபைல் முழுவதையும் ஒரே வட்டுக் கோப்பில் வைக்கும் எஃப்எஸ்லாஜிக்ஸ் போன்ற கொள்கல முறையில் இரண்டும் சேர்ந்தே பயணிப்பதால் இந்தத் தொல்லை பெருமளவு குறைகிறது.

இதைவிட நுட்பமான ஒன்று உண்டு. பெட்டகக் கோப்பு பயணித்திருக்கும், ஆனால் திறக்காது. விண்டோஸின் டிபிஏபிஐ என்ற பாதுகாப்பு ஏற்பாட்டைக் கொண்டு மறையாக்கம் செய்யப்பட்டவற்றுக்கான மூலச்சாவி, 'ரோமிங்' பகுதியில் 'மைக்ரோசாஃப்ட்' என்பதற்குள் 'புரொடெக்ட்' என்ற கோப்புறையில் தனியாக இருக்கிறது. நாங்கள் பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில், லாகின் நேரத்தைக் குறைப்பதற்காக யாரோ அந்தப் பகுதியை விலக்குப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். பெட்டகம் தினமும் வந்தது, சாவி வரவில்லை. ஒவ்வொரு காலையும் ஏஜென்ட் பயனர்களைப் புதியவர்களாக எண்ணி வரவேற்றது. மூன்று நாட்கள் ஏஜென்ட்டின் பதிவுக் கோப்புகளையே படித்துக்கொண்டிருந்தோம். விலக்குப் பட்டியலைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. மாற்ற இயலாத கட்டாயப் புரொஃபைல்களில் டிபிஏபிஐயை நம்பவே கூடாது என்பதையும் இதோடு சேர்த்து நினைவில் வையுங்கள்.

உதவி மையம் ஒருவருடைய கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்ததும் ஏஜென்ட் அவரை உள்ளே விட மறுக்கிறது.

பழைய கடவுச்சொல்லிலிருந்து பெறப்பட்ட சாவியால் பெட்டகம் பூட்டப்பட்டிருந்தால் அப்படித்தான் நடக்கும். பயனர் தாமே மாற்றும்போது பழையதும் புதியதும் ஏஜென்ட்டின் கையில் இருக்கும். உதவி மையம் மாற்றும்போது பழையது இல்லை. சில ஏஜென்ட்கள் இதற்காகவே முதல் பதிவின்போது ஒரு ரகசியக் கேள்வி கேட்டு வைக்கின்றன. பயனர்கள் அதற்கு வாய்க்கு வந்ததைத் தட்டிவிட்டு மறந்துவிடுவார்கள் என்பதால், மையச் சர்வர் வழியாக மீட்கும் வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

ஒரே பயனர் இரண்டு சர்வர்களில் ஒரே நேரத்தில் அமர்வு வைத்திருந்தால்?

இரண்டு ஏஜென்ட்களும் ஒரே பெட்டகத்தில் எழுதும். ஒத்திசைவு ஒழுங்காக இல்லாவிட்டால் கடைசியில் எழுதியது நிற்கும். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் உடனே ஒத்திசையும்படியும், கடவுச்சொல்லை நிரப்பும் முன் களஞ்சியத்தில் புதியது உண்டா என்று பார்க்கும்படியும் அமையுங்கள்.

காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் நுழையும்போது லாகின் மிகவும் தாமதமாகிறது. ஏஜென்ட்தான் காரணமா?

இருக்கலாம். ஏஜென்ட்டை நீக்கிய ஒரு சோதனைப் பயனர், நீக்காத ஒரு பயனர் என்று இருவரையும் அதே ஒன்பது மணிக்கு நுழையச் செய்து அளந்து பாருங்கள். மதியம் மூன்று மணிக்கு அளப்பதில் பயனில்லை. எந்தச் செயலியின் உள்நுழைவு ஜன்னல் எப்படி இருக்கும் என்று ஏஜென்ட்டுக்குச் சொல்லும் செயலி வரையறைகள் அனைத்தையும் ஒவ்வொரு நுழைவிலும் மையத்திலிருந்து இறக்கும்படி விட்டிருப்பதே வழக்கமான காரணம். வரையறைகளை மூல இமேஜிலேயே வைத்துவிட்டு, மாற்றங்களை மட்டும் இறக்குங்கள். அந்தச் சர்வர்களில் ஓடாத செயலிகளின் வரையறைகளை அங்கே அனுப்பவும் வேண்டாம். குழுக் கொள்கையின் லூப்பேக் முறையைக் கொண்டு, பயனர் யாராக இருந்தாலும் அந்தச் சர்வர்களுக்கு உரிய அமைப்புகளே அவருக்குச் சேரும்படி செய்யலாம்.

மருத்துவமனை வார்டில் ஒரு கணினியைப் பத்து செவிலியர்கள் பகிர்கிறார்கள். அட்டையைத் தட்டி நுழைவது மெய்நிகர் சூழலில் நடக்குமா?

நடக்கும். இந்தத் தொழில்நுட்பத்துக்கு மிகப் பொருத்தமான இடமே அதுதான். அட்டை படிப்பான் மேசைமேல் இருக்கிறது; நோயாளிப் பதிவுச் செயலி தரவு மையத்தில் ஓடுகிறது. படிப்பானில் தட்டிய செய்தி, ரிமோட் இணைப்புக்குள்ளேயே ஒரு மெய்நிகர் வழித்தடத்தின் மூலம் சர்வரில் உள்ள ஏஜென்ட்டைச் சென்றடைகிறது. ஆகவே இரு பக்கமும் ஒத்த பதிப்பிலுள்ள கூறுகள் வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் மேம்படுத்தினால் படிப்பான் ஒலியெழுப்பும், திரை அசையாது.

செவிலியர் ஒருவர் மூன்றாம் வார்டில் திறந்த அமர்வு ஐந்தாம் வார்டில் தட்டியதும் அவரைப் பின்தொடர்ந்து வர வேண்டும் என்பதே இங்கே எதிர்பார்ப்பு. புதிய அமர்வைத் திறப்பதற்குப் பதிலாகப் பழையதோடு மீண்டும் இணையும்படி அமைத்தால்தான் அது சில நொடிகளில் முடியும். அட்டையை இரண்டாம் முறை தட்டினால் உடனே திரை மறைய வேண்டும் என்பதையும் கட்டாயமாக்குங்கள். இல்லையென்றால் ஒருவர் திறந்ததில் மற்றவர் மருந்துக் குறிப்பு எழுதுவார்.

எல்லா வாயிலும் ஒரே தட்டலில் திறந்தால், திருடனுக்கும் அப்படியே திறக்குமே?

உண்மை. அதனால் முதல் வாயிலில் பன்முகச் சரிபார்ப்பு இல்லாமல் இதை நிறுவுவதை நான் ஏற்க மாட்டேன். நிர்வாகிகளின் கணக்குகளை ஒற்றை உள்நுழைவிலிருந்து முழுவதும் விலக்கிவையுங்கள். டொமைன் நிர்வாகிகளைப் புரொடெக்டட் யூசர்ஸ் குழுவில் சேர்த்தால் இயல்பு அடையாளங்களை ஒப்படைப்பது அவர்களுக்குத் தானாகவே நின்றுவிடும். அவர்களுடைய கெர்பரோஸ் டிக்கெட்டும் நான்கு மணி நேரத்துக்கு மேல் நிற்காது. அவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எட்டுக் கடவுச்சொற்களை நினைவில் வைக்கச் சொன்னால் அவை விசைப்பலகையின் அடியில் ஒட்டிய தாளில்தான் போய் முடிகின்றன. பயனருக்கே தெரியாத நீண்ட கடவுச்சொல்லை ஏஜென்ட் உருவாக்கி, தானே மாற்றிக்கொண்டிருப்பது அதைவிடப் பாதுகாப்பானது.

ஏதாவது ஒன்று உடைந்தால் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

முதல் வாயிலிலிருந்து, வரிசையாக. பயனர் எந்தத் திரையில் கடவுச்சொல் கேட்கப்பட்டார் என்பதற்குப் படம் வாங்குங்கள். வலைவாசல், கேட்வே, விண்டோஸ், செயலி ஆகியவற்றின் கேள்விப் பெட்டிகள் தோற்றத்திலேயே வேறுபடும், பாதி விடை அந்தப் படத்திலேயே இருக்கும். அமர்வுக்குள் 'கேலிஸ்ட்' கட்டளை கொடுத்து டிக்கெட் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடிகாரத்தைப் பாருங்கள்: டொமைன் கன்ட்ரோலருக்கும் சர்வருக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் கெர்பரோஸ் இயல்பில் மறுத்துவிடும். மெய்நிகர் கணினிகள் தம்மைத் தாங்கும் ஹோஸ்டின் நேரத்தை எடுத்துக்கொண்டு டொமைனின் நேரத்தை விட்டுவிடுவது உண்டு.

ஊழியர் ஒருவர் வேலையை விட்டுப் போகிறார். டொமைன் கணக்கை முடக்கினால் போதுமா?

முதல் வாயிலை மூட அது போதும். ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வு அதனால் மூடாது. துண்டிக்கப்பட்ட நிலையில் சர்வரில் காத்திருக்கும் அமர்வையும் தேடி முடித்துவையுங்கள். சான்றிதழ் வழியில் நுழைந்தவர் என்றால் வழங்கிய சான்றிதழை ரத்து செய்யுங்கள். கடைசி வாயிலில் உள்ள செயலிகளின் சொந்தக் கணக்குகள் அப்படியே உயிரோடு இருக்கும் என்பதை மறக்கவே கூடாது: அவற்றின் கடவுச்சொற்கள் ஏஜென்ட்டின் பெட்டகத்தில் இருக்கின்றன, அவற்றில் சிலவற்றை அவர் ஏஜென்ட் வருவதற்கு முன்பே மனப்பாடமாக அறிந்திருப்பார். பெட்டகத்தை அழிக்கும் முன், அதில் எந்தெந்தச் செயலிக்குக் கணக்கு இருந்தது என்ற பட்டியலை மையச் சர்வரிலிருந்து எடுத்து, அந்தச் செயலிகளின் பொறுப்பாளர்களுக்கு அனுப்புங்கள். பெட்டகத்தை முதலில் அழித்துவிட்டால் அந்தப் பட்டியலைத் தருவதற்கு வேறு இடம் கிடையாது.